விடிந்ததும் வெடிக்கும் பெட்டி

கூகைமலை அடிவாரத்தில் ஓர் ஆசிரமம் இருந்தது. மற்ற ஆசிரமங்களில் சாம்பிராணி மணக்கும். இங்கே சாம்பிராணியோடு சால்டரிங் புகையும் சேர்ந்து மணக்கும். மலையைச் சுற்றியிருந்த தோட்டங்களில் கிணற்று மோட்டார்களை வெயிலில் ஓட்டும் பெட்டிகளை அங்கே செய்தார்கள். கூரைமேல் பேனல், கிணற்றில் மோட்டார், நடுவில் இந்தப் பெட்டி.

குருவின் பெயர் தெய்வானை. வயது நாற்பதுக்குச் சற்று மேல். அவருடைய சீடர்களில் ஒருவர் தணிகாசலம். அவருக்குத் தலை முழுக்க நரை. ஒரு பெரிய ஆலையில் மின்பிரிவு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனம் அடங்க வேண்டும் என்று ஆசிரமத்துக்கு வந்தார். மனம் அடங்கியதா என்று தெரியாது. குரல் அடங்கவில்லை. "அந்த ஸ்க்ரூ டிரைவரை எடு" என்று அவர் சொன்னால் மலைக்கு அந்தப் பக்கம் யாராவது ஒருவர் திடுக்கிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார்.

தன்னைவிட இளைய குருவை எப்படிக் கூப்பிடுவது என்று வந்த புதிதில் அவர் திண்டாடினார். 'மேடம்' என்று ஆரம்பித்துப் பாதியில் வெட்கப்பட்டு நிறுத்தியதில் வெறும் 'மே' மட்டும் வெளியே வந்தது. தோட்டத்து ஆடுகள் பதில் சொல்லின. அன்றிலிருந்து 'அம்மா' என்றார். குரு அவரைப் பெயர் சொல்லித்தான் அழைத்தார், ஆனால் 'நீங்க' போட்டுத்தான் பேசினார்.

பெட்டிகளைச் சோதிக்கும் மேசையில் இரண்டு சுவிட்சுகள் இருந்தன. சின்னது பெட்டியின் மூளைக்கு. மூளை என்பது ஒரு நகத்தளவு சில்லு. பெரிய சுவிட்சு பெட்டியின் பலத்துக்கு. பலம் என்பது மாஸ்ஃபெட்கள், ஜோடி ஜோடியாக நிற்பவை. மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கேட் என்று ஒரு கால் உண்டு. அந்தக் காலில் ஒரு தட்டு தட்டினால் அது திறக்கும், மின்சாரம் ஓடும். மேலது திறந்திருக்கும்போது கீழது மூடியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் திறந்தால் மின்சாரம் மோட்டாருக்குப் போகாது, குறுக்கே பாயும். அப்புறம் ஒரு 'டப்'. அதற்கப்புறம் ஒரு வாசனை. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

ஆசிரமத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் சின்ன சுவிட்சு. பிறகு கைகூப்பி, கண்மூடி, ஒரு நீண்ட மூச்சு. பிறகுதான் பெரிய சுவிட்சு. பலத்தைத் தருவதற்கு முன் ஒரு கணம் நிற்க வேண்டும் என்பதற்காகக் குரு ஏற்படுத்திய வழக்கம். யாரும் அந்த மூச்சைத் தவறவிட்டதில்லை. தணிகாசலத்தின் மூச்சுதான் எல்லாரையும்விட நீளம்.

அந்த வருஷம் பங்குனியில் மாராத்தாள் மறுபடியும் வந்தார். தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் பெட்டி, பின்னால் ஓர் ஆட்டுக்குட்டி. மலையின் மேற்குச் சரிவில் மிளகாய் நாற்று போட்டு விற்பவர்.

பெட்டியை இறக்கி மேசைமேல் வைத்தார்.

"ஏனுங் எஞ்சினீரு, உங்க புள்ளைக்கு மறுக்காவும் மூர்ச்சையாயிப்போச்சுங்க."

தணிகாசலம் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அதே வாசனை.

மாராத்தாள் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். கேட்டவர்களுக்கு அவருடைய தோட்டமே கண்முன் வந்தது, ஏனென்றால் அவர் எல்லாருடைய குரலிலும் பேசினார். விடியக்காலம் பொழுது கிளம்புகிறதாம். சேவல் முழுசாகக் கூவி முடிக்கவில்லையாம். பெட்டி 'டப்' என்கிறதாம். அவருடைய வீட்டுக்காரர் அது 'டப்' இல்லை, 'டொப்' என்கிறாராம். அதில் கொஞ்ச நேரம் சண்டையாம். சண்டை முடிந்து பார்த்தால் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பாத்தியில் இல்லை.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விஷயம் சிரிப்பாக இல்லை. பெட்டி வந்த அன்று தன் பழைய ஆயில் எஞ்சினைக் கொழுந்தனார் நாச்சிமுத்துவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். கொடுத்தது மட்டும் இல்லை, இனிமேல் இந்தப் புகையை நீங்களே குடியுங்கள் என்று பத்துப் பேர் பார்க்கச் சொல்லியும் விட்டார். இப்போது நாற்றெல்லாம் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. பக்கத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றுகிறார். குடத்துத் தண்ணீர் நாற்றுக்கு உயிரை மட்டும்தான் தரும், வளர்ச்சியைத் தராது. அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

"இந்தவாட்டியும் செத்துதுன்னா நாத்தும் போச்சு, நான் அந்த மனுசன் வாசல்ல போயி நிக்கோணும். நாத்து போனாக்கூட மறுக்கா வெதைச்சுக்கலாமுங்க."

தணிகாசலம் எரிந்த மாஸ்ஃபெட்களைப் பிடுங்கிப் புதியவற்றைப் பொருத்தினார். மேசையில் வைத்துச் சின்ன சுவிட்சைப் போட்டார். கைகூப்பினார். மூச்சு விட்டார். பெரிய சுவிட்சைப் போட்டார். சோதனை மோட்டார் வண்டு மாதிரி இனிமையாக ரீங்கரித்தது.

பாருங்கள் என்பதுபோல் மாராத்தாளைப் பார்த்தார்.

"இங்க ஓடுதுங்க," என்றார் மாராத்தாள். "இங்கயா நாத்து வெச்சிருக்கறேன்?"

தணிகாசலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குருவிடம் போனார். குரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மாராத்தாளும் பின்னாலேயே வந்தார். ஆட்டுக்குட்டியும் வந்தது.

சீடர் தன் குறையைச் சொன்னார். போன முறை பெட்டி வந்தபோதே சந்தேகப்பட்டு, மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்கோப்பை மாட்டிப் பார்த்தாராம். மூளை சுறுசுறுப்பாக, ஒழுங்காகத்தான் தட்டுகிறதாம். எரிந்துபோன விதத்தைப் பார்த்தால் கிளம்பும் நேரத்தில்தான் யாரோ கண்டபடி தட்டியிருக்க வேண்டுமாம். அதனால் மூளைக்கு எழுதும் ப்ரோகிராமில் முதல் வரியாகவே 'எல்லா கேட்டையும் மூடு' என்று எழுதினாராம். ஆலையில் எதையும் இரண்டு தடவை சொல்லிப் பழக்கம் என்பதால் இரண்டாவது வரியிலும் அதையே எழுதினாராம்.

"இவ்வளவு தெளிவாச் சொல்லியும் அது ஏம்மா கேட்கமாட்டேங்குது?" என்றார்.

குரு கடலைத் தொலியை உதறினார். மாராத்தாளிடம் ஆட்டுக்குட்டியைச் சற்று நேரம் இரவல் கேட்டார். அதன் கழுத்துக் கயிற்றைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்.

"இதைப் பிடிச்சுக்கிட்டு இங்கேயே உட்காருங்க."

தணிகாசலம் உட்கார்ந்தார். மதியம் களியும் கீரைக் கடைசலும் அந்த இடத்துக்கே வந்தன. சாப்பிட்டார். வேப்பங்காற்று வந்தது. அவர் முதலில் கண்ணை மட்டும் மூடினார். பிறகு தலை சாய்ந்தது. பிறகு குறட்டை கிளம்பியது. அந்தக் குறட்டைக்கும் ஆலைச் சங்குக்கும் ஏதோ உறவு இருந்தது.

குரு எழுந்து வந்து அவர் காதருகில் குனிந்தார். மிக மரியாதையாக, தெளிவாக, "தணிகாசலம், கயிறை விட்டுடாதீங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும் சொன்னார். பிறகு போய்க் கடலையை உரிக்கத் தொடங்கினார்.

மாராத்தாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார்.

தணிகாசலம் விழித்தபோது கை விரிந்து கிடந்தது, கயிறு இல்லை. தோளில் இருந்த துண்டில் பாதியும் இல்லை. அந்தப் பாதியை எதிரே நின்று ஆட்டுக்குட்டி நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"விட்டுடாதீங்கன்னு சொன்னேனே," என்றார் குரு.

"எப்பம்மா சொன்னீங்க?"

"நீங்க தூங்கும்போது. ரெண்டு தடவை சொன்னேன்."

"தூங்கறவன் காதுல சொன்னா எப்படிம்மா..."

தணிகாசலம் பாதியில் நிறுத்தினார். துண்டின் நுனி ஆட்டின் வாய்க்குள் மெல்லப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குரு ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

துண்டின் நுனியும் உள்ளே போனபிறகு சீடர் மறுபடி பேசினார். மூளை விழிப்பதற்கு முன் அதற்கு எழுதிய எதுவும் அதன் காதில் விழாது என்பது புரிந்ததாகச் சொன்னார். ஆனால் மேசைமேலும் அது தினமும் தூங்கித்தானே எழுகிறது, அங்கே ஒரு தடவைகூட வெடித்ததில்லையே என்றார்.

"மேசையில அது தூங்கி எழுந்திருக்கும்போது நீங்க என்ன பண்ணிக்கிட்டிருப்பீங்க?"

"சின்ன சுவிட்சைப் போட்டுட்டு, கண்ணை மூடி, மூச்சு..."

இந்தத் தடவையும் பாதியில் நின்றார்.

"நாளைக்கு மாராத்தாளோட தோட்டத்துக்குப் போங்க," என்றார் குரு. "அங்க கண்ணைத் திறந்துக்கிட்டு மூச்சு விடுங்க."

மறுநாள் விடியும்போது தணிகாசலம் மேற்குச் சரிவில் இருந்தார். பெட்டிக்குள் பலத்துக்குப் போகும் வயர்களைக் கழற்றிவிட்டிருந்தார். மூளைக்கு மட்டும் பேனலிலிருந்து மின்சாரம் வரும். யார் எப்படித் தட்டினாலும் இன்றைக்கு வெடிக்க எதுவும் இல்லை. கேட் கால்களில் ஸ்கோப்பின் கொக்கிகளை மாட்டிவிட்டு வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

மாராத்தாள் ஒரு சொம்பில் கம்பங்கூழ் கொண்டுவந்து வைத்தார். பாத்திகளைக் காட்டினார். விரல் நீள நாற்றுகள், தலை தரையைப் பார்த்தபடி. காய்ந்த மண் வெடித்து ஓடு ஓடாகப் பிரிந்திருந்தது. அவர் அதைக் காட்டும்போது கேலி எதுவும் பேசவில்லை.

மற்ற தோட்டங்களில் சூரியன் ஒரே எட்டில் வந்துவிடும். இங்கே மலை மறைத்தது. வெளிச்சம் முதலில் பாறை இடுக்கில் கசிந்தது. பிறகு பனைமர ஓலைகளுக்கு நடுவே வந்தது. காற்றடித்தால் போனது. வேண்டாவெறுப்பாக விருந்துக்கு வருகிறவரைப்போல வாசலில் நின்று, திரும்பி, மறுபடி வந்தது.

ஸ்கோப்பின் திரையில் கோடு மெல்ல ஏறத் தொடங்கியது. மேசையில் சின்ன சுவிட்சைப் போட்டால் அது ஒரே தாவில் உச்சிக்குப் போகும். இங்கே மலைப்பாதையில் பழைய பஸ் ஏறுவதுபோல் முக்கி முக்கி ஏறியது. மூளை கண்ணைத் திறந்தது. திறந்ததும் அதற்குப் பசித்தது. அது கொஞ்சம் மின்சாரத்தை இழுத்ததும் கோடு சரிந்தது. மூளை மறுபடி தூங்கியது. கோடு ஏறியது. விழித்தது. சரிந்தது.

மூளைக்கும் கேட்டுக்கும் நடுவில் டிரைவர் என்று இன்னொரு சில்லு உண்டு. மூளை சொல்வதை வாங்கித் தட்டுவதுதான் அதன் வேலை. விழித்ததும் மூளை கொஞ்சம் சோம்பல் முறிக்கும், முகம் கழுவும், அப்புறம்தான் முதல் வரியைப் படிக்கும். டிரைவருக்கு அதெல்லாம் கிடையாது. எழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் ஆள் அது. என்ன வேலை சார், என்ன வேலை சார் என்று கேட்கும். பதில் சொல்ல வேண்டிய மூளை இன்னும் தூக்கத்தில். மூளையிலிருந்து அதன் காதுக்கு வரும் கம்பியை யாரும் பிடிக்கவில்லை, அந்தரத்தில் தொங்குகிறது. தொங்கும் கம்பியில் எது பட்டாலும் அதற்கு ஆணைதான்.

திரையில் முள் முளைத்தது. அப்புறம் இன்னொன்று. மேல் கேட்டிலும் கீழ் கேட்டிலும் ஒரே நேரத்தில்.

மாராத்தாள் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அது என்னங்க, கருவேலங்கொப்பாட்டம் முள்ளு முள்ளா?"

"அதுதாங்க உங்க டப்," என்றார் தணிகாசலம்.

"எங்க வூட்டுக்காரருதுங்க?"

"அதுவும் இதேதாங்க."

மாராத்தாளுக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. சண்டை சரிசமமாக முடிந்த திருப்தி.

தணிகாசலம் கூழைக் குடிக்க மறந்து ஆசிரமத்துக்கு ஓடிவந்தார். குருவிடம் கண்டதையெல்லாம் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கினார். சொல்லவந்தது குருவின் வழக்கத்தைப் பற்றி.

"நம்ம மூச்சுதாம்மா இதை இத்தனை நாளும் மறைச்சிருக்கு. நாம கண்ணை மூடிக் கும்பிடற நேரத்துல இது இந்தக் கூத்தையெல்லாம் அடிச்சு முடிச்சிடுது. அப்புறம் நாம பெரிய சுவிட்சைப் போடறோம். அதுக்குள்ள நல்ல பிள்ளையா உட்கார்ந்திருக்கு."

குரு சிரித்தார். சன்னமாக இல்லை, வயிறு குலுங்க. அடுத்த அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் எழுந்துபோய்ப் பூக்கட்டும் நூலில் ஒரு முழம் எடுத்துவந்தார். மேசையிலிருந்த இரண்டு சுவிட்சுகளின் தலைகளையும் சேர்த்துக் கட்டினார்.

"இனிமே மூச்சு முதல்ல. ரெண்டு சுவிட்சும் அப்புறம்."

பிறகு பேனலையும் மேசையையும் வாசலுக்குத் தூக்கிப்போய் வெயிலைத் தென்னங்கீற்றால் மறைத்து, மெல்ல மெல்ல விலக்கிப் பார்க்கச் சொன்னார். அலமாரியில் விற்பனைக்குக் காத்திருந்த ஒரு பெட்டியை வைத்துப் பார்த்தார்கள். கைகூப்பினார்கள். மூச்சு விட்டார்கள். கீற்றை நகர்த்தினார்கள். டப்.

 ஓரத்தில் நின்ற ஒருவர் பழக்கதோஷத்தில் மறுபடியும் கைகூப்பினார்.

ஏற்கெனவே தோட்டங்களுக்குப் போன பெட்டிகளையெல்லாம் திரும்ப வாங்கிவர அன்றைக்கே ஆள் அனுப்பினார் குரு. முதலில் மாராத்தாளின் பெட்டி என்றார்.

செய்ய வேண்டியது என்ன என்பது தணிகாசலத்துக்குத் தெரிந்திருந்தது. தொங்கும் கம்பியை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். மூளை விழிக்கும்வரை அது தரையோடு கிடக்க வேண்டும். அதற்கு ஒரு ரெசிஸ்டர் போதும். ஒரு நுனி கம்பியில், மறுநுனி தரையில், அதாவது மின்னழுத்தம் பூஜ்யமாக இருக்கும் கிரவுண்டில்.

ஆனால் எந்த ரெசிஸ்டர்? தணிகாசலம் யோசித்தார். மாராத்தாளின் நாற்றை யோசித்தார், நாச்சிமுத்துவின் வாசலை யோசித்தார். கொஞ்சமும் அசையவிடக் கூடாது என்று முடிவெடுத்தார். இருப்பதிலேயே முரட்டுப் பிடி பிடிக்கும் ஒன்றைத் தேடி எடுத்து வைத்தார். கீற்றை விலக்கினார்கள். முள் இல்லை, டப் இல்லை. தணிகாசலம் நிமிர்ந்தார். மூளை விழித்தது. முகம் கழுவியது. தட்டு என்று சொன்னது. கம்பி அசையவில்லை. இன்னும் உரக்கச் சொன்னது. கம்பி பாதி எழுந்து விழுந்தது. மோட்டார் வயிற்றுவலிக்காரரைப்போல முனகி நின்றது.

குரு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"காவலுக்கு வெச்சீங்களா, கைது பண்ண வெச்சீங்களா?"

தணிகாசலம் அதை எடுத்துவிட்டுப் பிடி குறைந்த ஒன்றை வைத்தார். முனகல் குறைந்தது, போகவில்லை. இன்னும் குறைந்த ஒன்று. இன்னும் குறைந்த ஒன்று. கடைசியில் அரிசிமணியைவிடச் சிறிய ஒன்றில் வந்து நின்றார். அது பிடிக்கிறதா, சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. மூளை வாயைத் திறந்ததும் ஒரு மறுப்பும் சொல்லாமல் வழிவிட்டது. மோட்டார் பாடியது. கீற்றை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தார்கள். முள் ஒன்றுகூட முளைக்கவில்லை.

ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. ஆலையில் அவர் ஒருபோதும் எதையும் இவ்வளவு மெல்லப் பிடித்ததில்லை.

"இவ்வளவு லேசாப் பிடிச்சா போதுமாம்மா?"

"எதிர்த்து இழுக்க ஆளே இல்லாத நேரத்துக்குத்தானே அது," என்றார் குரு.

அடுத்த நாள் விடியுமுன்பே குருவும் சீடரும், அழைத்துப்போக வந்த மாராத்தாளோடு மேற்குச் சரிவுக்குப் போனார்கள். பெட்டியைத் தணிகாசலமே சுமந்தார். சும்மாடு கட்டத் தெரியாததால் போகிற வழியெல்லாம் மாராத்தாளின் யோசனைகளையும் சேர்த்துச் சுமந்தார்.

தோட்டத்தில் நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கமாகச் சும்மா வந்ததாகச் சொன்னார். சும்மா வந்தவர் கையில் எஞ்சினுக்கு ஊற்றும் டீசல் கேன் இருந்தது. அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கிவிடலாம், வண்டி கீழேதான் நிற்கிறது என்று காற்றிடம் சொல்வதுபோல் சொன்னார். மாராத்தாள் அந்தக் காற்று தன் பக்கம் வீசவே இல்லை என்பதுபோல் நின்றார்.

தணிகாசலம் இந்த முறை பலத்துக்கான வயர்களையும் சேர்த்தே முடுக்கினார். மூடியைத் திறந்தே வைத்தார். சுவிட்சைப் போட்டுவிட்டு விலகி வந்தார்.

வெளிச்சம் பாறை இடுக்கில் கசிந்தது. நின்றது. பனையோலைக்கு நடுவே வந்தது. காற்றடித்தது. போனது. மாராத்தாள் தன் பாத்திகளைப் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை. கிழக்கே பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். சேவல் கூவியது. பாதிவரை கூவியது. மீதியையும் கூவி முடித்தது. அதைக் கேட்டு நெடுநாளாயிற்று என்று அவர் பிற்பாடு சொன்னார்.

டப் வரவில்லை. டொப்பும் வரவில்லை.

வெயில் மேலேறிப் பேனலின் பாதியைத் தொட்டது. கிணற்றுக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு வண்டு ரீங்கரிக்கத் தொடங்கியது. குழாய் இருமியது. செருமியது. பழைய சேற்றைத் துப்பியது. காற்றைத் துப்பியது. அப்புறம் தண்ணீர் வந்தது, முதலில் ஒரு கயிறுபோல, பிறகு தொடைத் தடிமனுக்கு. வாய்க்காலில் ஓடி, திரும்பி, வெடித்துக்கிடந்த முதல் பாத்திக்குள் போனது. மண் அதைச் சத்தம்போட்டுக் குடித்தது.

மாராத்தாள் வாய்க்காலில் இறங்கி நின்றார்.  தண்ணீர் காலைச் சுற்றிக்கொண்டு போனது. பிறகு கொழுந்தனார் பக்கம் திரும்பி, கேனை அங்கேயே வைத்துவிட்டு வந்து கூழ் குடிக்கச் சொன்னார். நாச்சிமுத்து கேனை வைத்தார். அண்ணி பேசி அவருக்கும் நெடுநாளாகியிருந்தது.

எல்லாருக்கும் கூழ் ஊற்றிக் கொடுத்துவிட்டு மாராத்தாள் பெட்டியிடம் வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். இதில் புதிதாக என்ன வைத்தீர்கள் என்று கேட்டார். தணிகாசலம் விரல் நுனியால் காட்டினார். மாராத்தாள் கண்ணைச் சுருக்கித் தேடினார், கண்டுபிடித்தார், ஏமாந்தார்.

"இத்தனூண்டா?"

தணிகாசலம் விளக்கினார். மூளை தூங்கும்போது கம்பியை இது பிடித்துக்கொள்ளும் என்றார். மூளை விழித்துவிட்டால் வழிவிட்டுவிடும் என்றார். மாராத்தாள் கேட்டுக்கொண்டே ஓடும் தண்ணீரைப் பார்த்தார், மறுபடி அந்த அரிசிமணியைப் பார்த்தார்.

"அதான் இப்ப முழிச்சுப்போட்டதுங்களே. தண்ணியும் ஓடுது. இப்ப இது என்ன வேலை பண்ணிக்கிட்டிருக்குதுங்க?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். இப்போதைக்கு அது எதையும் தடுக்கவில்லை, எதையும் ஓட்டவில்லை, அதன் வழியாகப் போகும் மின்சாரம்கூடச் சொல்லும்படி இல்லை. எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும்போல் இருந்தது. குருவைப் பார்த்தார்.

குரு கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"இப்ப அதுக்கு ஒரு வேலையும் இல்லீங்க. ஆனா எழுந்து போயிடலை."